காலுக்கு வாரண்டி கிடையாது

மார்லா ஸவாட்ஸ்கி ஒரு நாளைக்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேட்பாள் என்று அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. சஸ்காட்சவன் சமவெளியில் விட்லோ என்கிற அந்தச் சின்ன ஊரில், மிதித்தவன் வாயைத் திறப்பதற்குள் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்டுவிடுவான். கடை வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதவைப் பிடித்தால், இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, யார் முதலில் நுழைவது என்று ஐந்து நிமிடம் கடுங்குளிரில் நிற்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லா ஒருமுறை பனிமூட்டத்தில் சாலையோரத் தபால் பெட்டியை உரசிவிட்டு, வண்டியை நிறுத்தி இறங்கி, அந்தத் தபால் பெட்டியிடமே மன்னிப்புக் கேட்டவள். தொண்டையைச் செருமுவது போல அது ஒரு பழக்கம். அதில் குற்றமும் கிடையாது, ஒப்புதலும் கிடையாது.

முதன்முதலில் எண்ணியது வெல்ட்ரிக் நிறுவனம்தான்.

மார்லாவுக்கு இருபத்தைந்து வயது. பனித்தளத்தில் ஆடும் ஹாக்கியில் அவள் தடுப்பு ஆட்டக்காரி. பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வில்லையை அவளைத் தாண்டிக் கொண்டுபோக நாலு ஊர் ஆட்டக்காரிகளாலும் முடிந்ததில்லை. செப்டம்பரில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வின்னிப்பெக்கிலுள்ள பெண்கள் தொழில்முறை அணி, மார்ச் ஏழாம் தேதி தேர்வு முகாம் நடத்துகிறது. அறுபது பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேரை எடுப்பார்கள். இருபத்தைந்து வயதில் கூப்பிடுவதே அதிசயம். இருபத்தாறில் யாரும் கூப்பிட மாட்டார்கள். இது மார்லாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஊர் சும்மா இருக்குமா? தேவாலயத்தின் நிலவறையில் அறுவடை விருந்து வைத்தார்கள். வான்கோழி, பெரோகி, முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டியது என்று நானூறு தட்டு ஓடியது. வந்த வசூலில் அவளுக்கு, பனியில் வழுக்கி ஓட அடியில் பிளேடு வைத்த வெல்ட்ரிக் ஸ்கேட் வாங்கிக் கொடுத்தார்கள். ஜோடி ஆயிரத்து நானூறு டாலர். கடையில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கு அல்ல அது. காலை இயந்திரத்துக்குள் விட்டு, படம் பிடித்து, அந்த ஒரு காலுக்கென்றே செய்வது. மார்லாவுக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது. எட்டு வயதில் டிராக்டர் சக்கரம் ஏறி அகன்றுபோன இடது கால் அவளுக்கு. கடை ஸ்கேட் எதற்குள்ளும் அது போகாது. இத்தனை வருடமும் பனித்தளத்தைப் பராமரிக்கும் எல்மர் ஃப்ரீசன்தான் ஒரு பழைய ஜோடியைச் சூடாக்கித் தட்டி, இழுத்து விரித்துக் கொடுத்து அவளை ஆட வைத்தார்.

அந்தப் பழைய ஜோடியை ஊரார் சும்மா விடவில்லை. விருந்தன்றே அடியில் துளை போட்டு, ஓக் பலகையில் போல்ட்டு போட்டு முடுக்கி, பனித்தளத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கீழே பித்தளைத் தகடு: ‘மார்லா இதில்தான் தொடங்கினாள்.’ இன்னும் எங்கேயும் போய்ச் சேராதவளுக்கு நினைவுச் சின்னம் வைத்த ஊர் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நவம்பர் கடைசியில் புதிய ஸ்கேட் வந்து சேர்ந்தது. வெல்வெட் விரித்த பெட்டி. மேலே ஒரு தரச் சான்றிதழ். நாற்பத்தேழு சோதனைகள், நாற்பத்தேழு கையெழுத்துகள், நாற்பத்தேழு முத்திரைகள். மார்லா வழக்கப்படி இடது காலை முதலில் கட்டி, பனித்தளத்தில் இறங்கி, எதிர்க் கோல் வலையைப் பார்த்து ஓர் உந்து உந்தினாள். போய்ச் சேர்ந்தது தண்டனை பெற்றவர்களை உட்கார வைக்கும் பெஞ்சுக்கு. மறுபடி உந்தினாள். மறுபடியும் அதே பெஞ்சு. ஒரு தப்பும் செய்யாதவளை ஸ்கேட்டே அழைத்துப்போய்த் தண்டனைப் பெஞ்சில் நிறுத்தியது.

எல்மர் இடது ஸ்கேட்டை வாங்கிக் குப்புறக் கவிழ்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பத்து விநாடிகூட ஆகவில்லை.

“பிளேடு கோணலா அடிச்சிருக்கான்” என்றார். “பின்னாடி ரெண்டு ரிவெட்டு விலகி உட்கார்ந்திருக்கு, பாரு.”

“நீங்களே பிரிச்சு அடிச்சுக் குடுத்துடுங்களேன் எல்மர்.”

“அடியில பூரா கார்பன்டி அம்மா. துளை ஒரு நூல் பெருசாச்சுன்னா பூட்ஸையே தூக்கி எறியணும். அதுக்கான அச்சு அவங்ககிட்டதான் இருக்கு. அதுவுமில்லாம நான் கை வச்சேன்னு தெரிஞ்சா வாரண்டி போயிடும். இந்த நாப்பத்தேழு பேரும் கையெழுத்தே போடலேம்பான். ஃபோனைப் போடு.”

மார்லா போட்டாள்.

“வெல்ட்ரிக் பாதக் குடும்பத்துக்கு உங்களை அன்போட வரவேற்கிறோம். நான் கோரின் பேசறேன்” என்றது ஓர் இளம் பெண் குரல்.

“மன்னிச்சுக்குங்க, உங்களைத் தொந்தரவு பண்றேன்” என்று தொடங்கினாள் மார்லா. லைனில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. குளிர்காலத்தில் தொலைபேசிக் கம்பிகள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். “என் ஸ்கேட்ல ஒரு குறை இருக்குங்க.”

“குறைன்னு நாங்க சொல்றதில்ல மேடம். அனுபவம்னு சொல்லுவோம்.”

“ஓ, மன்னிச்சுக்குங்க.” டிக். “எனக்கு இடது பக்கமா ஒரு அனுபவம் ஏற்படுதுங்க. நேராப் போனா இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுது.”

“எங்க போட்டுப் பார்த்தீங்க மேடம்?”

“ஐஸ்ல.”

மறுமுனையில் தட்டச்சு நின்றது. “ஐஸ்ல பட்டுச்சா?”

“ஸ்கேட்டுங்க அது.”

“ஸ்கேட்னு தெரியும் மேடம். பட்டுச்சா, படலையா?”

“மன்னிச்சுக்குங்க, பட்டுச்சு.” டிக்.

கோரின் ஒன்பதாம் விதியை வாசித்துக் காட்டினாள். பாவம், மனப்பாடமாக வைத்திருந்தாள். பனிக்கட்டி, ஈரம், குளிர், வேகம், திடீர் நிறுத்தம் ஆகிய கடும் சூழல்களுக்கு ஸ்கேட் ஆளானால், அதன் பின்விளைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. ஆனாலும் நல்லெண்ண அடிப்படையில் ஸ்கேட்டை அனுப்பி வைக்கலாம், வின்னிப்பெக்கிலுள்ள நிறுவனத்தின் தர மாளிகை சோதித்துப் பார்க்கும். மார்லா நன்றி சொன்னாள். நேரம் எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். முதலில் ஃபோனை வைக்கப்போவதற்கும், வைப்பதற்குத் தாமதித்ததற்கும் தனித்தனியாகக் கேட்டாள். அந்த ஒரு அழைப்பில் மட்டும் பதினொன்று.

மூன்று வாரம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஸ்கேட் திரும்பி வந்தது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். சான்றிதழில் நாற்பத்தெட்டாவது முத்திரை விழுந்திருந்தது. கூடவே ஒரு கடிதம்: ‘தங்கள் ஸ்கேட் இருபத்தொரு டிகிரி வெப்பமுள்ள அறையில், தரமான கம்பளத்தின் மீது, பயிற்சி பெற்ற அலுவலரால் நூறு அடி தூரம் தள்ளிப் பார்க்கப்பட்டது. நேராகச் சென்றது. குறை எதுவும் காணப்படவில்லை.’

எல்மர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “கம்பளத்துல எவன்டி ஹாக்கி ஆடுறான்?”

“அவங்க ஏதாவது காரணத்தோடதான் செஞ்சிருப்பாங்க” என்றாள் மார்லா. மூன்று கடிதம் எழுதினாள். ஒவ்வொன்றும் மன்னிப்பில் தொடங்கியது. பதினொன்று பதினாலு ஆயிற்று. முகாமுக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. ராத்திரி படுத்தால் அந்தத் தேதி நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பழையதை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். போல்ட்டு அடியைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. தவிர, அதை எடுப்பது அபசகுனம் என்று ஹாக்கி ஆடத் தெரியாதவர்கள்கூட அவளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். வேறொரு ஜோடியை விரித்து அந்தக் காலுக்குப் பழக்க ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடிக்கும் என்றார் எல்மர்.

ஜனவரியில் தர மாளிகை அவளை நேரில் அழைத்தது. பேருந்துக்கு மாற்று ஓட்டுநரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஸ்கேட் பையோடு வின்னிப்பெக் போனாள். வெளியே மைனஸ் முப்பத்தாறு டிகிரி. உள்ளே தரை முழுவதும் கம்பளம். கூடத்தின் நடுவில் ஒரு பீடம், அதன் மேல் விளக்கொளியில் ஒற்றை ஸ்கேட். ‘முழுமை’ என்று எழுதியிருந்தது. அதை இதுவரை யாரும் காலில் போட்டதில்லை என்று வாயிற்காவலர் பெருமையாகச் சொன்னார். போட்டால் முழுமை போய்விடும் என்றும் அவரே விளக்கினார்.

தரத் தலைமை இயக்குநர் ஆல்டஸ் வின்ஃபீல்ட் அவளை அன்பாகத்தான் வரவேற்றார். காபி வரவழைத்தார். பக்கத்தில் ரோவெனா ஸ்டோக்ஸ் என்கிற அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் பாத ஒத்திசைவு அலுவலர்.

“மன்னிச்சுக்குங்க, உங்க நேரத்தை…” என்றாள் மார்லா. மேசைக்கடியில் எங்கோ ‘டிக்’ என்றது.

“உட்காருங்க மிஸ் ஸவாட்ஸ்கி” என்றார் வின்ஃபீல்ட். “உங்ககிட்ட மனசு விட்டுப் பேசறேன். பதினோரு வருஷமா எங்க குறை விகிதம் பூஜ்யம். இந்தப் பூஜ்யம் மரத்துல காய்ச்சதில்ல. நான் இங்க சேர்ந்த வருஷம் முந்நூத்திப் பத்து குறை. பார்த்துட்டு எனக்குத் தூக்கமே வரலை. ஆறு மாசம் குழு போட்டு, ஆலோசகரை வச்சு, அல்லும் பகலும் உழைச்சோம். கடைசியில கண்டுபிடிச்சோம். குறைன்னு எழுதற கட்டத்தையே படிவத்துலேர்ந்து எடுத்துட்டோம். அடுத்த வருஷம் பூஜ்யம். உலகத்துல வேற எந்தக் கம்பெனியாலயும் ஒரே வருஷத்துல இதைச் சாதிக்க முடியலை.”

மார்லா தலையாட்டினாள். நடுநடுவே ஆறு தடவை மன்னிப்பும் கேட்டிருந்தாள்.

“இப்ப நீங்க வந்து, ஒண்ணு இருக்குங்கறீங்க. ஒண்ணுதானேன்னு உங்களுக்குத் தோணும். பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரம், ஒண்ணுக்கும் முந்நூறுக்கும் நடுவுல கிடையாதும்மா. உங்க ஒரு காலுக்காக நாங்க எங்க பூஜ்யத்தை விடணும்னு கேக்கறீங்க. அது நியாயமான்னு நீங்களே சொல்லுங்க.”

“மன்னிச்சுக்குங்க. பிளேடைக் கொஞ்சம் நிமிர்த்திக் குடுத்தாப் போதும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.” டிக்.

“நிமிர்த்தினா கோணலா இருந்துதுன்னு ஆயிடுமே!” வின்ஃபீல்டுக்கு நிஜமாகவே வலித்தது போலிருந்தது. “ஒரு மன்னிப்புகூட எங்க தரப்புலேர்ந்து இதுவரை போனதில்ல, தெரியுமா? அதுவும் பூஜ்யம். போன கோடையில ஃபோன் எடுக்கற பொண்ணு ஒருத்தி வாய் தவறிச் சொல்லிட்டா. ரொம்ப நல்ல பொண்ணு. ரெண்டு சின்னப் பிள்ளைங்க அவளுக்கு. மறுநாள் அவ இல்ல. பூஜ்யம் இருக்கு.”

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் லேசாக ஈரம்கூட இருந்தது. அது அந்தப் பெண்ணுக்காகவா, பூஜ்யம் பிழைத்ததற்காகவா என்று மார்லாவுக்கு விளங்கவில்லை.

ரோவெனா மடியிலிருந்த கோப்பைப் பிரித்தார். “தர்க்கமாப் பார்ப்போம். ஸ்கேட் எங்க ஸ்கேனோட நூத்துக்கு நூறு ஒத்துப்போகுது. ஸ்கேன் அன்னிக்கு உங்க காலோட ஒத்துப்போச்சு. அப்போ இடையில மாறினது எது?”

“பிளேடு…”

“பிளேடை நாங்க ஸ்கேன் பண்ணலையே. பதிவுல இல்லாத ஒண்ணு எப்படி மாறும்? பதிவுல இருக்கறது உங்க கால்தான்.” ரோவெனா ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். “அதுவுமில்லாம நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க. முதல் அழைப்புல பதினொரு தடவை. கடிதத்துல மூணு. இந்த அறைக்குள்ள வந்ததுலேர்ந்து எட்டு. தப்பு உங்க பேர்ல இல்லேன்னா எதுக்கு இருபத்திரண்டு தடவை மன்னிப்புக் கேட்டீங்க?”

“மன்னிச்சுக்குங்க, அது சும்மா பழக்கத்துல…”

டிக்.

“இருபத்துமூணு” என்று ரோவெனா திருத்தி எழுதினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடம் கோணலாகத்தான் இருந்தது. ஆடத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும்படி ஆடுகிறவளை உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தீர்வும் அவர்களே வைத்திருந்தார்கள். பாதப் பொருத்தப் பயிற்சி, ஆறு வாரம். குறையுள்ள காலை நிறுவனத்தின் செலவிலேயே ஸ்கேட்டுக்கு ஏற்றபடி திருத்துவார்கள். பயிற்சி முடிந்து கால் சான்றிதழ் பெற்றால், ஸ்கேட்டுக்குக் கடைசிச் சோதனை ஒன்று நடத்தி, முகாமுக்கே நேராக அனுப்பி வைப்பார்கள். மறுத்தால் கோப்பு மூடப்படும்.

மார்லா கையெழுத்துப் போட்டாள். வேறு ஸ்கேட் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. நாற்பத்தெட்டு பேர் கையெழுத்துப் போட்டு, இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்து, அத்தனை பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு, தன் கால்தான் கோணலோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. டிராக்டர் ஏறிய கால்தானே? திரும்பி வரும் வழியில் பேருந்து நிலையத்து ஓடு பதித்த தரையில், கோடு பார்த்து நடந்து பார்த்தாள். நேராகத்தான் நடந்தாள். அதையும் நம்ப முடியவில்லை.

பயிற்சி தொடங்கியது. சுவரில் ஒட்ட ஒரு அட்டவணை அனுப்பியிருந்தார்கள். இடது கணுக்காலை உள்பக்கம் மடக்கி, உடம்பை வலது பக்கம் சாய்த்து, இடுப்பைக் கால்வாசி திருப்பி நிற்க வேண்டும். காலையில் பல் விளக்கும்போது இருபது நிமிடம். பிள்ளைகள் ஏறி இறங்கும் இடைவெளியில் பேருந்தின் பிரேக்கை மிதித்துக்கொண்டு பத்துப் பத்து நிமிடம். மாலையில் அந்தக் கோணல் ஸ்கேட்டைப் போட்டுக்கொண்டு பனித்தளத்தில் இரண்டு மணி நேரம். முதல் வாரம் தண்டனைப் பெஞ்சு. இரண்டாம் வாரம் பெஞ்சுக்கு நாலடி முன்னால். நாலாம் வாரம் கோல் கம்பம். ஆறாம் வாரம் மார்லா ஒரு கோடு இழுத்தாற்போல எதிர்க் கோலுக்கே போய்ச் சேர்ந்தாள். படி ஏறும்போது இடுப்பு பிடித்தது. கணுக்கால் ஆப்பம் போல உப்பியிருந்தது. ஆனால் நேராகப் போனாள்.

எல்மர் ஐஸை மழித்துச் சமமாக்கும் வண்டியை நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி?” என்றாள், மூச்சு வாங்க.

“நேராத்தான் போறே. போற நீ நேரா இல்லை.”

“போய்ச் சேர்ந்தாப் போதும் எல்மர். இன்னும் ரெண்டே வாரம்தான் இருக்கு.”

“அது சரி.” தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “செருப்புக்காகக் காலை வெட்டினவளை நான் நேர்ல பார்த்ததில்ல. அதையும் பார்த்தாச்சு.”

மார்லாவுக்குக் கோபம் வந்தது. ஆறு வாரம் பட்ட வலிக்கு ஒருவராவது சபாஷ் சொல்லக் கூடாதா? வெல்ட்ரிக் சொன்னது. தங்க எழுத்தில் சான்றிதழ் வந்தது: ‘தங்கள் இடது பாதம் எமது தரத்தை எட்டியுள்ளது.’ அடியில் சிறிய எழுத்தில், இந்தச் சான்றிதழ் பாதத்துக்கு வாரண்டி ஆகாது என்று போட்டிருந்தது. அவள் அதைச் சமையலறைச் சுவரில் மாட்டினாள். மறுநாளே கடைசிச் சோதனைக்கு ஸ்கேட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு, காத்திருந்த நாளெல்லாம் அட்டவணையைப் பார்த்துச் சாய்ந்து நின்றாள். பழக்கம் விட்டுப்போகக் கூடாதே.

மார்ச் ஏழாம் தேதி காலை எட்டு மணிக்கு வின்னிப்பெக் பனித்தளத்தில் ஐம்பத்தொன்பது பெண்கள் சூடேற்றும் ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அறுபதாவது ஆள் வெறும் காலுறையோடு வாசலில் நின்று தபால் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். வண்டி ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. பெட்டியைக் கிழித்தாள். மேலே நாற்பத்தொன்பதாவது முத்திரை. வழக்கமான சீட்டு: ‘குறை எதுவும் காணப்படவில்லை.’ இடது காலை முதலில் கட்டினாள், வலதைக் கட்டினாள், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடினாள். பனியில் கால் வைத்ததும் பயிற்சியாளர் ஊதலை ஊதினார். முதல் சோதனை, நேர் ஓட்டம். இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் வரை. பக்கத்துப் பக்கத்துக் கோட்டில் ஆறு ஆறு பேராக.

ஆறு வாரம் கற்றதை மார்லாவின் உடம்பு ஒழுங்காகச் செய்தது. கணுக்கால் உள்ளே மடங்கியது, உடம்பு வலது பக்கம் சாய்ந்தது, இடுப்பு கால்வாசி திரும்பியது. உந்தினாள். தளத்தின் குறுக்கே போட்ட முதல் நீலக் கோட்டைத் தாண்டுவதற்குள் பக்கத்துக் கோட்டில் வந்த பெண்ணின் மேல் பாய்ந்து, அவளையும் சுமந்துகொண்டு வலது பக்கச் சுவரில் போய் மோதினாள். சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

“மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க” என்று கீழே கிடந்தபடியே சொன்னாள். அந்தப் பெண்ணும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய மணிக்கட்டு எலும்பு விரிசல் கண்டிருந்தது.

இரண்டாவது தடவையும் வலது சுவர். மூன்றாவது தடவை, நேராகப் போயே தீர வேண்டும் என்று பல்லைக் கடித்தாள். மனசு ஒன்று சொன்னது, கால் ஒன்று செய்தது, நடுத்தளத்திலேயே விழுந்தாள். பயிற்சியாளர் பக்கத்தில் வந்து குனிந்தார். நல்ல மனுஷி.

“இடது காலுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லீங்க. தரமா இருக்குன்னு சான்றிதழ் இருக்கு.”

அந்த அம்மாள் நிமிர்ந்து, கையிலிருந்த பட்டியலில் ஒரு பெயரைப் பென்சிலால் அடித்தார். மத்தியானத்துக்கு முன்பே மார்லா பேருந்து நிலையத்தில் இருந்தாள். எட்டு மணி நேரப் பயணம். முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அழுதாள். பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டை நீட்டியபோது அவரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் எல்மர் ஸ்கேட்டைக் கவிழ்த்து ஒரு கண்ணை மூடினார். இந்தத் தடவை பத்து விநாடிக்கு மேல் ஆயிற்று. கட்டைவிரலால் பின்பக்க ரிவெட்டுகளைத் தடவினார். முன்பக்க ரிவெட்டுகள் மங்கிப்போயிருந்தன. பின்பக்கம் இரண்டும் புத்தம் புதுசாகப் பளபளத்தன.

“நிமித்திட்டானுங்க” என்றார்.

“என்னது?”

“பிளேடை. சத்தமில்லாம நிமித்தி அடிச்சு, குறையே இல்லேன்னு சீட்டு எழுதி அனுப்பிட்டானுங்க. சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. அங்க எவனோ ஒரு நல்ல வேலைக்காரன் மனசு கேக்காம செஞ்சிருப்பான். பாவி, ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்.”

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். இந்தக் குதிரை குழியைப் பறித்து, அதற்குத் தரச் சான்றிதழும் ஒட்டிவிட்டுப் போயிருந்தது. இப்போது ஸ்கேட் நேராக இருந்தது. மார்லாதான் கோணல். அன்று மாலையே பனித்தளத்தில் இறங்கிப் பார்த்தாள். உந்திய உந்தில் போய்ச் சேர்ந்தது வலது பக்கத்தில், விருந்தினர் அணி உட்காரும் பெஞ்சுக்கு.

ஏப்ரல் நடுவில் ஒரு பிற்பகல். சாலையெல்லாம் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. பள்ளி விடக் கொஞ்ச நேரம் இருந்தது. மார்லா பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது.

“வெல்ட்ரிக் பாதக் குடும்பத்துலேர்ந்து கோரின் பேசறேன் மேடம். உங்க அனுபவம் முழுசா முடிஞ்சுடுச்சுன்னு பதிவுல இருக்கு. ஒரு சின்ன திருப்திக் கணிப்பு. இப்போ ஸ்கேட் நேராப் போகுதா?”

“ஸ்கேட் நேராத்தான் போகுது” என்றாள் மார்லா. “நான்தான் போகலை.”

“புரியலையே மேடம்.”

மார்லா சொன்னாள். கோபமில்லாமல், ஒரு பள்ளிக்கூடக் குறிப்பை வாசிப்பது போலச் சொன்னாள். ஆறு வாரம் சாய்ந்து நின்றது, பளபளக்கும் இரண்டு ரிவெட்டு, வலது சுவர், மணிக்கட்டு உடைந்த பெண், பட்டியலில் பென்சில் கோடு. அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்பதையும் சொன்னாள். ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை, கண்ணாடிப் பெட்டியின் பித்தளைத் தகட்டை மட்டும் யாரோ துடைக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதையும் சொன்னாள். மறுமுனையில் தட்டச்சு நின்றிருந்தது.

“ஐயோ” என்றது கடைசியில் அந்தக் குரல். அது வேலை பார்க்கும் குரலாக இல்லை. “மன்னிச்சுக்குங்க மார்லா.”

டிக்.

இரண்டு பேருக்கும் அது கேட்டது. மறுமுனையில் கோரின் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பின்னால், தூரத்தில், ஏராளமான பெண் குரல்கள் வரவேற்புச் சொல்லிக்கொண்டிருந்தன. போன கோடையில் ஒருத்தி. ரெண்டு சின்னப் பிள்ளைங்க. மறுநாள் அவ இல்ல.

“அது நான் சொன்னது” என்றாள் மார்லா.

“என்ன?”

“இப்ப டிக்னு கேட்டுச்சே. அதைச் சொன்னது நான். இருபத்துநாலுன்னு போட்டுக்க.”

“மெஷினுக்குக் குரல் தெரியாது…” என்று கிசுகிசுத்தாள் கோரின். “ஆனா மேல கேப்பாங்க.”

“கேக்கட்டும். நான்தான் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்றவளாச்சே. எவன் சந்தேகப்படப் போறான்?”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. ஓர் எண்ணை அடித்துவிட்டு இன்னொரு எண்ணைப் போடும் சத்தம்.

“ஒரே ஒரு கேள்வி பாக்கி” என்றாள் கோரின் தாழ்ந்த குரலில். “பதில் போடாம மெஷின் கோப்பை மூட விடாது. எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?”

“பூஜ்யம் போடு” என்றாள் மார்லா. “உங்க ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்ச எண்ணாச்சே.”

பள்ளி மணி அடித்தது. அவள் ஃபோனை வைத்துவிட்டுப் பேருந்தின் கதவைத் திறந்தாள். முதலில் ஏறிய பிள்ளை சேற்றுப் பூட்ஸோடு அவளுடைய இடது காலை மிதித்துவிட்டு, அப்படியே நின்று அவள் முகத்தைப் பார்த்தது. மார்லா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.